கல்லு போச்சு… அப்புறம்?

(ஒலிபரப்பான எபிசோடின் உரை வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)



கிட்னி ஸ்டோன்னு தேடிப் பாருங்க. வர்றது எல்லாமே கல்லைப் பத்தித்தான் இருக்கும். எத்தனை மில்லிமீட்டர், மாத்திரையில கரையுமா, லேசரா ஷாக் வேவா, எவ்வளவு செலவாகும். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த ஆளைப் பத்தி யாரும் பெருசா பேசுறதில்லை. எப்போ வேலைக்குப் போகலாம்? பஸ்ல ஒன்றரை மணி நேரம் உட்கார முடியுமா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கணும்? குடம் தூக்கலாமா? இன்னைக்கு நாம பேசப் போறது இதைத்தான்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. ஒரே வருஷத்துல எங்க குடும்பத்துல ரெண்டு பேருக்குச் சிறுநீரகக் கல் ஆபரேஷன் நடந்தது. ஒண்ணு எனக்கு. நான் சென்னையில ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஐடி கம்பெனியில வேலை பார்க்கிறேன். இன்னொண்ணு என் பெரியம்மாவுக்கு. அவங்க மரக்காணம் உப்பளத்துல இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்க்கிறவங்க. வியாதி ஒண்ணுதான். ஆனா அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் வாழ்ந்த நாட்கள் ஒண்ணா இல்லை. அந்த வித்தியாசத்துல இருந்துதான் இந்த எபிசோடே வந்தது.

மரக்காணம் எங்க இருக்குன்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். வீக்கெண்டுக்கு ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறப்போ, பாண்டிக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டர் முன்னாடி ரோட்டோரம் வெள்ளை வெள்ளையா குவியல் தெரியுமே, அதுதான். விழுப்புரம் மாவட்டம். பக்கத்துலயே கழுவேலி ஏரி, அந்தப் பக்கம் கடல். நாம வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்துட்டுப் போயிடுவோம். அந்த இடத்துல ஒரு மரம்கூடக் கிடையாதுங்கிறது போட்டோவுல நமக்கு அழகாத்தான் தெரியும். அதே இடத்துல காலையில இருந்து நிக்கிறவங்களுக்கு அது வேற விஷயம்.

உப்புத் தொழிலுக்கு வெயில்தான் மூலதனம். தை, மாசியில பாத்தியை மிதிச்சு இறுக்கித் தயார் பண்ணுவாங்க. அதுக்கப்புறம் மழை வர்ற வரைக்கும் உப்பு வாருறது, கூடையில சுமக்குறது, குவிக்கிறது, மூட்டை பிடிக்கிறது. வெயில் ஏற ஏற உப்பு நல்லா விளையும். உடம்புல இருக்கிற தண்ணியும் அதே வேகத்துல குறையும். மேல வெயில், கீழ உப்புல பட்டுத் திரும்பி மூஞ்சியில அடிக்கிற வெளிச்சம், கால் பூரா உப்புத்தண்ணி.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்துல வித்யா வேணுகோபாலும் அவங்க குழுவும் 2017-ல இருந்து 2020 வரைக்கும் தமிழ்நாட்டுல 7 உப்பளங்கள்ல 352 தொழிலாளர்களைப் பரிசோதிச்சாங்க. சுமார் 90 சதவீதம் பேர், பாதுகாப்பான அளவைத் தாண்டின வெப்பத்துல வேலை பார்க்கிறவங்க. சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் வேலை செய்யுற திறனே குறைஞ்சிருந்தது. வெயில், வியர்வை, தண்ணி பத்தாமை எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தை என்ன பண்ணுதுன்னு உலகம் பூரா இப்போ ஆராய்ச்சி நடக்குது. மத்திய அமெரிக்காவுல கரும்பு வெட்டுறவங்ககிட்ட ஆரம்பிச்ச பேச்சு, இன்னைக்கு நம்ம உப்பளம் வரைக்கும் வந்திருக்கு.

கல் உருவாகுற கணக்கு ரொம்ப எளிமையானது. உப்பளத்துக்காரங்களுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாத்தியில தண்ணி வத்த வத்த உப்பு படியும். சிறுநீர்லயும் அதேதான். வியர்வையா தண்ணி வெளியே போயிட்டா, மிச்ச சிறுநீர் கெட்டியாகும். அதுல கரைஞ்சு இருக்க வேண்டிய கால்சியமும் ஆக்ஸலேட்டும் படிகமாகும். பெரியம்மாகிட்ட இதைச் சொன்னப்போ, “அப்ப எனக்குள்ளயும் ஒரு பாத்தி கட்டி வச்சிருக்குன்னு சொல்லு கண்ணு”ன்னு சிரிச்சாங்க.

தண்ணி நிறைய குடிச்சா சரியாப் போச்சுன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. “ஏன் பெரியம்மா, ஒரு கேன் எடுத்துட்டுப் போகக் கூடாதா?”ன்னு கேட்டேன். “எடுத்துட்டுப் போலாம் கண்ணு. குடிச்சுட்டு எங்க போறது?”ன்னு திருப்பிக் கேட்டாங்க. கண்ணுக்கு எட்டின வரைக்கும் சமவெளி. மறைவு கிடையாது, கழிப்பறை கிடையாது. அதனால காலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பெண்கள் தண்ணியைக் குறைச்சுடறாங்க. அவங்களுக்குத் தாகம் ஒரு பிரச்சினை, அடக்குறது இன்னொரு பிரச்சினை. தண்ணி குடிங்கன்னு அறிவுரை சொல்றதுக்கு முன்னாடி அங்க ஒரு கதவு வச்ச கழிப்பறை வேணும்.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். ரொம்ப காலம் கல்லுன்னா வயித்தைத் திறந்து எடுக்குறதுதான். 1976-ல ஸ்வீடன்ல முதுகுப் பக்கம் சின்னதா ஒரு துளை போட்டு, அது வழியா கல்லை எடுத்தாங்க. அதைத்தான் இன்னைக்கு பிசிஎன்எல்-னு சொல்றோம். 1980-ல ஜெர்மனியில மியூனிக் நகரத்துல, உடம்பை வெட்டாமலேயே அதிர்வலையால கல்லை உடைக்கிற சிகிச்சையை முதல் தடவையா ஒரு நோயாளிக்குக் கொடுத்தாங்க. மூணாவது, யூரெட்ரோஸ்கோப்பி. சிறுநீர் வர்ற வழியிலேயே மெல்லிய குழாய்க் கேமராவை அனுப்பி லேசர்ல உடைக்கிறது. தையலே கிடையாது. கல் எங்க இருக்கு, எவ்வளவு பெருசுங்கிறதை வச்சுத்தான் எது வேணும்னு முடிவு பண்ணுவாங்க.

எனக்கு யூரெட்ரோஸ்கோப்பி. மறுநாளே டிஸ்சார்ஜ். ஒரு வாரம் வீட்டுல இருந்தே வேலை பார்த்தேன். பெரியம்மாவுக்குப் பெரிய கல், சிறுநீரகத்துக்குள்ளயே இருந்தது. அதனால பிசிஎன்எல். முதுகுல ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு துளை, ஆஸ்பத்திரியில நாலு நாள். பணம் பெரிய பிரச்சினை ஆகலை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல கல் ஆபரேஷனும் இருக்கு. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அந்தத் திட்டம் தாங்கும்.

பணத்தை விடப் பெரிய சிக்கல், தேதி. பெரியம்மாவுக்கு வலி வந்தது பங்குனியில. சீசன் சூடு பிடிக்கிற நேரம். “ஐப்பசி மழை வரட்டும், அப்ப வேலை இருக்காது, பார்த்துக்கலாம்”னு சொல்லிட்டாங்க. ஏழு மாசம் தள்ளிப்போட முடியுமான்னு டாக்டர் பார்க்கிறது சிறுநீரகத்தை. ஏழு மாசக் கூலியை விட முடியுமான்னு அவங்க பார்க்கிறது வீட்டை. ரெண்டுமே நியாயமான கணக்குதான். கடைசியில குளிர் காய்ச்சல் வந்து, சித்திரையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதாப் போச்சு. கல் அடைச்ச சிறுநீரகத்துல கிருமியும் சேர்ந்தா அது ஆபத்தான நிலை. அதுக்கு மழைக்காலம் வரைக்கும் காத்திருக்கத் தெரியாது.

இப்போ முக்கியமான ஆளைப் பத்திச் சொல்றேன். டிஜே ஸ்டென்ட். கல்லை எடுத்த பிறகு சிறுநீரகத்துல இருந்து சிறுநீர்ப்பை வரைக்கும் ஒரு மெல்லிய குழாய் வைப்பாங்க. ரெண்டு முனையும் ‘ஜே’ எழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும். வீக்கத்தாலயோ உடைஞ்ச துகளாலயோ வழி அடைக்காம இருக்கணும்கிறதுக்காகத்தான் அது. வேலை என்னவோ நல்ல வேலைதான். ஆனா அது உள்ள இருக்கிற நாட்கள்ல நிறைய பேர் படுற பாட்டை ஆபரேஷனுக்கு முன்னாடி யாரும் விளக்கமாச் சொல்றதில்லை.

எனக்கு என்னெல்லாம் இருந்ததுன்னு சொல்றேன். அரை மணிக்கு ஒரு தடவை அவசரமா பாத்ரூம். சிறுநீர் போகும்போது இடுப்புப் பக்கம் சுளீர்னு ஒரு இழுப்பு. கொஞ்சம் நடந்தா சிறுநீர் ரோஸ் கலர். தூக்கம் துண்டு துண்டா. மீட்டிங்ல கேமராவை அணைச்சுட்டு ஓடியிருக்கேன். கல் வலியை விட இது மோசமான்னு கேட்டா, இல்லை. ஆனா கல் வலி வந்துட்டுப் போகும். இது கூடவே உட்கார்ந்திருக்கும்.

இது என் ஒருத்திக்கு மட்டும் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. 2003-ல இங்கிலாந்துல ஸ்டென்ட் வச்சவங்களுக்குன்னே ஒரு கேள்வித்தாள் தயாரிச்சாங்க. சிறுநீர்த் தொந்தரவு, வலி, பொது உடல்நிலை, வேலை, தாம்பத்யம்னு தனித்தனியா கேள்விகள். 80 சதவீதம் பேர் வரைக்கும் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுதுன்னு அந்த ஆய்வுகள்ல சொன்னாங்க. அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துலயும் கல் நோயாளிகளோட வாழ்க்கைத் தரத்தை அளக்க 28 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கு. கல் எல்லாம் போச்சான்னு ஸ்கேன் சொல்லும். தூங்குறீங்களா, பயணம் போக பயமா இருக்கா, மறுபடி வந்துடுமோன்னு கவலையா இருக்கான்னு ஸ்கேனுக்குக் கேட்கத் தெரியாது. அதைக் கேட்கத்தான் இந்தப் படிவங்கள்.

இப்போ அதே ஸ்டென்டோட பெரியம்மாவை உப்பளத்துல நிறுத்திப் பாருங்க. எனக்கு பாத்ரூம் பத்து அடி தூரம். அவங்களுக்கு பாத்ரூமே இல்லை. நான் குனிஞ்சு ஒரு லேப்டாப் பேகை எடுத்தாலே ரத்தம் வந்தது. அவங்க வேலை, குனிஞ்சு வாரி கூடையைத் தலையில ஏத்துறது. வழக்கமா பிசிஎன்எல் முடிஞ்சவங்களை ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம் வரைக்கும் கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்வாங்க. பெரியம்மாகிட்டயும் ஒரு மாசம்னு சொல்லி அனுப்பினாங்க. பன்னிரண்டாவது நாள் அவங்க கிளம்பிட்டாங்க.

நாங்க எல்லாரும் திட்டினோம்னு நினைப்பீங்க. திட்டத்தான் ஆரம்பிச்சேன். “ஒரு மாசம் சும்மா உட்காந்தா, அந்த ஒரு மாசக் கூலியை நீ தர்றியா கண்ணு?”ன்னு கேட்கலை அவங்க. அப்படிக் கேட்கிற ஆளும் இல்லை. “உக்காந்து செய்யுற வேலை கேட்டிருக்கேன்”னுதான் சொன்னாங்க. மேஸ்திரிகிட்ட அவங்களே பேசி, சுமக்குற வேலையை விட்டுட்டு மூட்டை தைக்கிற வேலைக்கு மாறிக்கிட்டாங்க. கூலி குறைவுதான். ஆனா உட்கார ஒரு இடம், தலைக்கு மேல ஒரு தார்ப்பாய், வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற பாத்தி. குணமாகுறதுன்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது அந்த ஏற்பாட்டுல இருந்துதான். ரெஸ்ட் எடுங்கங்கிறது ஒரு மருந்துச் சீட்டு மாதிரி. அதை வாங்க எல்லார்கிட்டயும் காசு இருக்காது. வாங்க முடியாதவங்களுக்கு, எந்த வேலையை விடணும், எதைச் செய்யலாம்னு பிரிச்சுச் சொல்லணும். கனம் தூக்காதீங்க, ஆனா மெதுவா நடக்கலாம். வெயில் உச்சியில நிக்காதீங்க. மலச்சிக்கல் வராம பார்த்துக்கோங்க, முக்கினா ரத்தம் வரும். இப்படிச் சொன்னா அவங்களால கேட்க முடியும்.

உப்பளத்துல மழைக்காலம்னா வருமானம் இல்லாத காலம். தமிழ்நாடு அரசு அதுக்கு ஒரு குடும்பத்துக்கு 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது. வேலை இல்லாத மாசத்துக்கு உதவின்னு ஒரு எண்ணம் ஏற்கெனவே இருக்கு. வேலை செய்ய முடியாத உடம்புக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும். ஆபரேஷன் செலவைக் காப்பீடு பார்த்துக்குது. அதுக்கப்புறம் வர்ற முப்பது நாளை யார் பார்த்துக்கிறது? என்னைப் பார்த்துக்கிட்டது என் கம்பெனி லீவு. பெரியம்மாவைப் பார்த்துக்கிட்டது அவங்க மட்டும்தான்.

இன்னொரு விஷயம். இதை மட்டும் யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க. ஸ்டென்டை எடுத்தே ஆகணும். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல இருந்து சில வாரங்களுக்குள்ள எடுத்துடுவாங்க. சிறுநீர்ப் பாதை வழியாவே சின்னக் கேமரா விட்டு, மரத்துப்போற ஜெல் போட்டு எடுக்குறது, சில நிமிஷ வேலை. ஆனா வலி குறைஞ்சதும் நிறைய பேர் மறந்துடறாங்க. சிலருக்கு உள்ள குழாய் இருக்குங்கிறதே தெரியாது. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா விட்டா அந்தக் குழாய் மேலேயே கல் படியும். அப்போ அதை எடுக்க இன்னொரு பெரிய ஆபரேஷன். சிறுநீரகமே போனவங்களும் உண்டு.

பெரியம்மாவோட டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க இங்கிலீஷ்ல இருந்தது. “ஸ்டென்ட் ரிமூவல் நாலு வாரத்துல”ங்கிறது ரெண்டாவது பக்கத்துல, கடைசிக்கு முந்தின வரி. அவங்க புரிஞ்சுக்கிட்டது, “நாலு வாரம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டணும்.” வலி இல்லைன்னா எதுக்கு ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறணும்? அவங்க இடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. நான் சீட்டை வாங்கிப் படிச்சு, காலண்டர்ல அந்தத் தேதியை வட்டம் போட்டு, ‘டியூப் எடுக்கணும்’னு தமிழ்ல எழுதி, அதே காலண்டரை அடுப்பங்கரைக் கதவுல மாட்டிட்டு வந்தேன். என் போன்லயும் அவங்க பையன் போன்லயும் அலாரம். சரியா இருபத்தெட்டாவது நாள் எடுத்தாச்சு.

அதனால உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன்னா, டிஸ்சார்ஜ் அன்னைக்கு நாலு கேள்வி கேளுங்க. தமிழ்லயே கேளுங்க. ஒண்ணு, உள்ள குழாய் வச்சிருக்கீங்களா, எந்தத் தேதியில எடுக்கணும்? ரெண்டு, கல் மிச்சம் இருக்கா, மறுபடி ஸ்கேன் எப்போ? மூணு, எந்த வேலையை எத்தனை நாள் செய்யக் கூடாது? நாலு, என்ன ஆனா உடனே திரும்பி வரணும்? நாலாவதுக்குப் பதில் பொதுவா இதுதான்: குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், சிறுநீர் வராம நின்னு போறது, கட்டி கட்டியா ரத்தம், மாத்திரைக்கு அடங்காத வலி. லேசான ரோஸ் கலருக்குப் பயப்பட வேண்டாம். காய்ச்சலுக்கு மட்டும் காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. ஸ்டென்ட் தொந்தரவு தாங்க முடியலைன்னா வெட்கப்படாம சொல்லுங்க. அதைக் குறைக்க மாத்திரை இருக்கு. தாம்பத்யம் பத்தியும் கேட்கலாம். டாக்டருக்கு அது புதுக் கேள்வி இல்லை.

கடைசியா, திரும்பி வராம இருக்க என்ன செய்யறது. ஒண்ணுமே பண்ணாம விட்டா, சுமார் பாதிப் பேருக்குப் பத்து வருஷத்துக்குள்ள மறுபடி கல் வருது. இத்தாலியில முதல் தடவை கல் வந்த 199 பேரை ரெண்டு பிரிவா பிரிச்சு 5 வருஷம் பார்த்தாங்க. அந்த முடிவு 1996-ல வந்தது. தண்ணியை நிறைய குடிச்சவங்கள்ல 12 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, மத்தவங்கள்ல 27 சதவீதம். அளவு என்னன்னா, ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் சிறுநீர் போகணும். கவனிங்க, குடிக்கிற அளவு இல்லை, போற அளவு. ஏசி ரூம்ல இருக்கிற எனக்கு மூணு லிட்டர் குடிச்சா போதும். வெயில்ல நிக்கிறவங்களுக்கு அது பத்தவே பத்தாது. இதயத்துலயோ சிறுநீரகத்துலயோ வேற பிரச்சினை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் கூட்டணும்.

பால், தயிரை நிறுத்தணுமா? வேண்டாம். அதே இத்தாலிக் குழு 2002-ல 120 ஆண்களை வச்சு வெளியிட்ட ஆய்வுல, கால்சியத்தைக் குறைச்ச 60 பேர்ல 23 பேருக்குத் திரும்ப வந்தது. கால்சியத்தை வழக்கம்போலச் சாப்பிட்டு, உப்பையும் இறைச்சியையும் குறைச்ச 60 பேர்ல 12 பேருக்குத்தான். சாப்பாட்டுல உப்பு கூடினா சிறுநீர்ல கால்சியம் கூடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாத்தையும் கொஞ்சம் குறைக்கணும். இருபது வருஷம் உப்பு விளைவிச்ச கைக்கு, “உப்பைக் குறைச்சுக்கோங்க”ன்னு சொல்லிக் கொடுக்கிறது கஷ்டமாத்தான் இருந்தது. பெரியம்மா பெருசா எடுத்துக்கலை. “கருவாடு மாசத்துக்கு ஒரு தடவை. அதுல கை வைக்காத”ன்னு பேரம் பேசி முடிச்சுட்டாங்க. வாழைத்தண்டு ஜூஸ் பத்திக் கேட்பீங்க. குடிங்க, கெடுதல் இல்லை. ஆனா டாக்டருக்குப் பதிலா குடிக்காதீங்க. எலுமிச்சையில இருக்கிற சிட்ரேட் கல் படியறதைத் தடுக்க உதவும், உப்பு போடாமக் குடிச்சா.

இந்த வருஷம் சீசனுக்குப் பெரியம்மா ரெண்டு லிட்டர் பாட்டில் ரெண்டு எடுத்துட்டுப் போறாங்க. அவங்க வேலை பார்க்கிற பக்கம் நாலு பெண்கள் சேர்ந்து, கொம்பு நட்டு, பழைய புடவையைச் சுத்தி ஒரு மறைவு கட்டியிருக்காங்க. கழிப்பறைன்னு அதைச் சொல்ல முடியாது. கேட்டுக் கேட்டு வராததால கட்டிக்கிட்டது. மருத்துவம் எவ்வளவோ தூரம் வந்துடுச்சு, ஒரு சென்டிமீட்டர் துளையில பெரிய கல்லை எடுத்துடறாங்க. அந்தக் கல் திரும்பி வராம இருக்க உப்பளத்துக்குத் தேவைப்படுறது நாலு சுவரும் ஒரு கதவும் ஒரு தண்ணிக் குழாயும்.

உங்க வீட்டுல யாராவது ஆபரேஷன் முடிஞ்சு வந்திருந்தா, அந்தச் சீட்டை இன்னைக்கு ராத்திரியே எடுத்து ஒரு தடவை படிச்சுப் பாருங்க. ‘ஸ்டென்ட்’னு ஒரு வார்த்தை இருந்தா, தேதியைப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.